கூலாசூக்கஸ்: முதலை இல்லாத ஆற்றில் முதலை வேலை பார்த்த விலங்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூலாசூக்கஸ் என்பது என்ன? டைனோசரா?

இல்லை. டைனோசர் காலத்தில் வாழ்ந்தது, டைனோசர்கள் தண்ணீர் குடிக்க வந்த ஆறுகளிலேயே கிடந்தது. ஆனால் டைனோசரும் அல்ல, ஊர்வனவும் அல்ல. தவளை, தேரை, பல்லி உருவில் வாலோடு இருக்கும் சாலமாண்டர் ஆகியவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய இருவாழ்வி. ஒரு சாலமாண்டரை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். அதை ஆள் உயரத்தையும் தாண்டி நீட்டி, தலையைப் பலகைபோல் தட்டையாக்கி, வாய் நிறையக் கூரான பற்களை நட்டுவிடுங்கள். ஏறக்குறைய கூலாசூக்கஸ் வந்துவிடும்.

முழுப்பெயர் கூலாசூக்கஸ் கிளீலாண்டி. டெம்னோஸ்பாண்டைல் என்னும் பழங்கால இருவாழ்விக் கூட்டத்தைச் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தின் பெரிய வேட்டை விலங்குகளில் இதுவரை கிடைத்தவற்றுள் காலத்தால் கடைசி இதுதான். உறவுக்காரர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆன பிறகும் இது மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதுதான் இந்த விலங்கைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி என்பது என் எண்ணம். கீழே பல பதில்கள் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்பதைக் கவனிப்பீர்கள்.

‘சூக்கஸ்’ என்றால் முதலைதானே?

ஆம், முதலைதான். எகிப்தியரின் முதலைக் கடவுளான சோபெக்கின் பெயர் கிரேக்கர் வாயில் புகுந்து ‘சூக்கோஸ்’ ஆனது. தொல்லுயிர்ப் பெயர்களில் முதலையையோ முதலைபோல் இருப்பதையோ குறிக்க அதைத்தான் ஒட்டவைப்பார்கள். இங்கே இரண்டாவது அர்த்தம். உருவமும் பிழைப்பும் முதலையுடையவை, பிறப்பு வேறு.

முன்பாதியான ‘கூல்’, லெஸ்லி கூல் என்பவரின் குடும்பப் பெயர். பாறைக்குள் சிக்கிய எலும்புகளைப் பொறுமையாகச் செதுக்கி வெளியே எடுப்பதில் கைதேர்ந்தவர். ஆங்கிலத்தில் அந்த ஓசைக்குக் குளிர்ச்சி என்றும் பொருள் வருவதால், குளிர்ப்பிரதேச விலங்குக்கு இரட்டைப் பொருத்தம். பின்பெயரான கிளீலாண்டி, அந்தக் கடற்கரையில் எலும்பு தேடிய நிலவியலாளர் மைக் கிளீலாண்டுக்கு உரியது.

எங்கே, எப்போது வாழ்ந்தது?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்போர்னுக்குத் தென்கிழக்கே உள்ள கடற்கரைப் பாறைகளில் இதன் எலும்புகள் கிடைத்தன. பாறைகளின் வயது ஏறக்குறைய 12 கோடி முதல் 12.5 கோடி ஆண்டுகள். கிரெட்டேசியஸ் காலத்தின் முற்பகுதி.

இடத்தின் பெயரை மட்டும் வைத்து இன்றைய ஆஸ்திரேலியாவைக் கற்பனை செய்துவிட வேண்டாம். செம்மண், வெயில், கங்காரு எதுவும் அங்கே இல்லை. அப்போது ஆஸ்திரேலியா அன்டார்டிகாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் பிரியத் தொடங்கிய காலம். நிலம் இழுபட்டு, நடுப்பகுதி தாழ்ந்து, நீளமான பிளவுப் பள்ளத்தாக்கு ஒன்று உருவாகியிருந்தது. அதன் அடியில் ஆறுகள் பின்னிப் பின்னி ஓடின. கிழக்கே இருந்த எரிமலைகளிலிருந்து அடித்துவரப்பட்ட மணல் அங்கே குவிந்தது. இன்று அந்தக் கரையில் காணும் சாம்பல்பச்சை மணற்பாறை அதுதான்.

அட்சரேகைதான் முக்கியம். அன்று அந்தப் பள்ளத்தாக்கு தெற்கே 70 டிகிரிக்கும் அப்பால், துருவ வட்டத்துக்குள் இருந்தது. கோடையில் சூரியன் மறையாது, குளிர்காலத்தில் வாரக்கணக்கில் எட்டிப்பார்க்காது. ஊசியிலை மரங்களும் ஜிங்கோவும் மேலே நிற்க, கீழே பெரணிகள் மண்டிய காடு. பூக்கும் தாவரங்கள் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தன.

அக்கம்பக்கத்தில் யார்? குவாண்டாசாரஸ், காலியோனோசாரஸ் போன்ற சிறிய இரண்டுகால் தாவரவுண்ணி டைனோசர்கள், பெரிய இறைச்சியுண்ணி டைனோசர்கள், ஆமைகள், நுரையீரல் மீன்கள், எலி அளவுப் பாலூட்டிகள். அந்தப் பாலூட்டிகளில் ஒன்றான டெயினோலோஃபோஸ், இன்றைய பிளாட்டிபஸின் தூரத்துச் சொந்தம்.

குளிர் என்றால் எவ்வளவு குளிர்?

இதில் இரண்டு கட்சி உண்டு. பாறையில் உறைந்த ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்களை) அளந்தவர்கள், ஆண்டுச் சராசரி வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்திருக்கும் என்றார்கள். தாவரப் படிவங்களைப் பார்த்தவர்கள், இவ்வளவு அடர்ந்த காடு அந்தக் குளிரில் எப்படி நிற்கும் என்று கேட்டு, 10 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சொன்னார்கள்.

இரண்டுக்கும் நடுவே எங்கோ உண்மை இருக்கும் என்று மழுப்பலாம். ஆனால் மண்ணே கொஞ்சம் சாட்சி சொல்கிறது. ஈரநிலம் உறைந்து, இளகி, மறுபடி உறையும்போது மண்ணடுக்குகள் பிசைந்த மாவுபோல் குழம்பிப்போகும். அப்படிக் குழம்பிய அடுக்குகள் இந்தப் பகுதியில் கிடைத்திருக்கின்றன. அதே காலத்தைச் சேர்ந்த கூன்வாரா என்னும் ஏரிப்படிவில் மீன்கள் கூட்டமாகச் செத்துக் கிடக்கின்றன. குளிர்காலத்தில் ஏரியின் மேல்பரப்பு உறைந்து, அடியில் ஆக்சிஜன் தீர்ந்து அவை மூச்சுமுட்டியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். சராசரி எதுவானாலும், குளிர்கால இரவுகளில் பனி உறைந்தது என்று நம்ப இவை போதும்.

இருவாழ்விக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளுமா?

தவளை என்றாலே வெப்பநாட்டு மழைக்காலம்தான் நினைவுக்கு வரும், அதனால் இந்தக் கேள்வி. உண்மையில் குளிர்ந்த தண்ணீர் பல இருவாழ்விகளுக்கு வசதியான வீடு.

நல்ல எடுத்துக்காட்டு இன்றே இருக்கிறது. ஜப்பானிய ராட்சத சாலமாண்டர் 1.5 மீட்டர் வரை வளரும். அது வாழ்வது மலைகளிலிருந்து இறங்கும் குளிர்ந்த, வேகமான ஓடைகளில். குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும், ஓடும் தண்ணீரில் அது தீர்ந்துபோகாமல் வந்துகொண்டே இருக்கும். தோலாலேயே பெரும்பங்கு மூச்சுவிடும் விலங்குக்கு வேறென்ன வேண்டும்? உடலின் இயக்கமும் குளிரில் மந்தமாகிவிடுவதால் இரை இல்லாமல் வெகுநாள் கிடக்கவும் முடியும்.

கூலாசூக்கஸின் எலும்புகள் கிடைத்த பாறை நைசான சேறு அல்ல, பருமணலும் கூழாங்கற்களும் கலந்தது. அப்படிப்பட்டதை அடித்து வருவதற்கு ஆற்றில் நல்ல இழுப்பு வேண்டும். அதாவது இதுவும் ஓட்டமுள்ள ஆற்றில் இருந்த விலங்கு. தேங்கிய குளம் உறைந்தாலும் ஓடும் ஆறு அடிவரை அவ்வளவு எளிதில் உறையாது. இருண்ட மாதங்களில் அது ஆழமான மடுவில் அசையாமல் கிடந்திருக்கும் என்று நினைக்கிறேன். நேரடிச் சான்று கிடைக்கக்கூடிய விஷயம் அல்ல, இருந்தாலும் ராட்சத சாலமாண்டரைப் பார்த்தபின் வேறு மாதிரி யோசிக்க வரவில்லை.

எவ்வளவு பெரியது?

நீளம் சுமார் 3 மீட்டர், தலை மட்டும் 65 சென்டிமீட்டரை ஒட்டி. எடை 500 கிலோ வரை என்று ஒரு கணக்கு உலவுகிறது. 4, 5 மீட்டர் என்று எழுதுகிறவர்களும் உண்டு. முழு எலும்புக்கூடு கிடைத்ததில்லை. தாடையை அளந்து, உறவு விலங்குகளின் உடல் விகிதத்தை வைத்துப் பெருக்கித்தான் இந்த எண்கள் எல்லாம் வருகின்றன. எடைக் கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தலையின் அளவை நம்பலாம்.

பார்க்க எப்படி இருந்திருக்கும்?

அகன்ற, முன்பக்கம் உருண்ட, தட்டையான தலை. மேலிருந்து பார்த்தால் அரைவட்டம். கண்கள் மேல்நோக்கி. தலையின் பின்மூலைகளிலிருந்து கொம்புபோல் இரண்டு எலும்பு நீட்டங்கள் பின்பக்கம் நீண்டிருக்கும். இது சிகுடிசாரிட் குடும்பத்தின் அடையாளம், கூலாசூக்கஸ் அந்தக் குடும்பம்தான். பிறகு குட்டையான கழுத்து, பருத்த உடல், அதைத் தூக்கி நடக்கத் திணறும் குட்டைக் கால்கள், நீந்த ஏற்ற வால்.

இந்த உருவத்தை வரைய உதவியவை உறவு விலங்குகள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், கிரெட்டேசியஸுக்கு முந்தைய ஜுராசிக் காலப் பாறையில் கிடைத்த சிடெரோப்ஸ் சுமார் 2.5 மீட்டர் நீளம், எலும்புக்கூடு ஏறக்குறைய முழுசாக இருந்தது. இன்னொன்று அரினெர்பெட்டான். சுமார் 24 கோடி ஆண்டு வயது, 1.2 மீட்டர் நீளம். எலும்போடு சேர்த்துத் தோலின் வெளிக்கோடும் கல்லில் பதிந்திருந்தது. தோட்டத்துச் சுவர் கட்ட வாங்கிய கற்களில் ஒருவர் அதைக் கண்டார், 2023-ல் அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்த வெளிக்கோட்டைப் பார்த்தால் எலும்புக்கூட்டை மட்டும் பார்த்து வரைவதைவிட உடல் நன்றாகப் பருத்திருந்தது தெரிகிறது. ஆகவே கூலாசூக்கஸை ஒல்லியாக வரைந்த படங்களைப் பார்த்தால் நம்ப வேண்டாம். நிறம்? ஓவியரின் விருப்பம்.

எப்படி வேட்டையாடியது?

துரத்திப் பிடிக்கும் உடல்வாகு அதற்கு இல்லை. காத்துக் கிடந்து கவ்வுவதுதான் தொழில்.

ஆற்றின் அடியில், கல்லோடு கல்லாகப் படுத்துக் கிடக்கும். தட்டையான தலை தரையோடு ஒட்டிவிடும், கண் மட்டும் மேலே பார்க்கும். இரை அருகே வந்ததும் வாய் திறக்கும். அவ்வளவு அகலமான வாய் ஒரே நொடியில் திறந்தால் தண்ணீர் உள்ளே பாயும், அந்தப் பாய்ச்சலில் மீனும் சேர்ந்து வரும். ராட்சத சாலமாண்டர் இன்றைக்கும் இப்படித்தான் இரையை உறிஞ்சி எடுக்கிறது. கூலாசூக்கஸின் கீழ்த்தாடையில் இதற்கு ஒரு தடயம் இருக்கிறது. தாடை மூட்டுக்குப் பின்னாலும் எலும்பு நீண்டிருக்கும். நெம்புகோலின் பின்முனைபோல் அது வேலை செய்யும். அங்கே பற்றிய தசை இழுத்தால் வாய் சட்டென்று திறக்கும்.

டெம்னோஸ்பாண்டைல்கள் சிலவற்றுக்கு இன்னொரு வித்தையும் தெரியும். நாம் வாயைத் திறந்தால் கீழ்த்தாடை இறங்குகிறது. கிரீன்லாந்தில் கிடைத்த ஜெரோதோராக்ஸ் என்ற உறவு விலங்கின் மண்டையோட்டை ஆராய்ந்து, அது கீழ்த்தாடையைத் தரையில் வைத்தபடியே தலையை மேலே தூக்கியிருக்கும் என்று 2008-ல் காட்டினார்கள். பெட்டி மூடி திறப்பதுபோல. ஆற்றின் அடியில் தரையோடு ஒட்டிக் கிடக்கும்போது தாடையை இறக்க இடமேது? தலையைத் தூக்குவதுதான் வழி. கூலாசூக்கஸும் அதே நெருக்கடியில் கிடந்த விலங்கு.

உள்ளே போன இரை வெளியே வராமல் பார்த்துக்கொள்வது பற்களின் வேலை. தாடை ஓரத்தில் வரிசையாகச் சிறு பற்கள், அண்ணத்தில் தனியாகச் சில பெரிய கோரைப் பற்கள். பல்லைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் உள்ளே சுவர் மடிந்து மடிந்து புதிர்ப்பாதை வரைந்ததுபோல் தெரியும். இந்தக் கூட்டத்துக்கே ‘லாபிரிந்தோடோன்ட்’, அதாவது புதிர்ப்பல்லி என்ற பழைய பெயர் அதனால் வந்தது. (வீட்டுச் சுவரில் ஊரும் பல்லி இல்லை. பல் உடையது என்ற பொருளில் பல்லி.)

வாரக்கணக்கில் இருட்டு என்றால் இரையைப் பார்ப்பது எப்படி?

பார்க்க வேண்டியதில்லை. மீன்களின் பக்கவாட்டில் தண்ணீரின் அதிர்வை உணரும் உணர்கோடு இருப்பதுபோல், நீரில் வாழ்ந்த டெம்னோஸ்பாண்டைல்களுக்கும் இருந்தது. மண்டையோட்டின் மேல் அது ஓடிய தடம் வாய்க்கால் வெட்டியதுபோல் பள்ளமாகத் தெரியும். அருகே ஒரு மீன் வாலை அசைத்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு கவ்விவிடலாம்.

துருவ இருட்டில் கண்ணை நம்பிய வேட்டை விலங்கைவிட இதற்குத்தான் சௌகரியம் அதிகம்.

என்ன தின்றது? டைனோசரைத் தின்றதா?

முக்கியமாக மீன். நுரையீரல் மீன்களின் பற்தட்டுகள் அந்தப் பாறைகளில் ஏராளம், சிறிய மீன்களும் உண்டு. விக்டோரியாவின் அந்தக் காலத்துப் பாறைகளில் நன்னீர் நண்டின வளைகளும் தெரிகின்றன. மெல்ல நகரும் ஆமைக்குட்டிகள், தண்ணீரில் விழுந்த எதுவும் பட்டியலில் சேரும்.

டைனோசர் என்றதும் யானை அளவு விலங்கை நினைக்க வேண்டாம். குவாண்டாசாரஸ் சுமார் மனித உயரத்துக்குள் அடங்கும் நீளமுள்ளது. அதன் குஞ்சு ஒன்று தண்ணீர் குடிக்கக் குனிந்தால் அந்த வாய் சும்மா இருந்திருக்குமா என்பது என் சந்தேகம். ஆனால் டைனோசர் எலும்பில் கூலாசூக்கஸின் பல்தடம் என்று எதுவும் பதிவாகவில்லை. படங்களில் காட்டும் ‘டைனோசரை இழுக்கும் ராட்சதத் தவளை’க் காட்சி பார்க்க விறுவிறுப்பு, அவ்வளவுதான்.

கரையேறுமா?

அவசியம் வந்தால், சிரமப்பட்டு. ஒரு மடு வற்றினால் அடுத்ததற்குத் தவழ்ந்து போயிருக்கலாம். மற்றபடி அதன் எடையைத் தாங்க அந்தக் கால்கள் போதாது. முதலைக்குத் தண்ணீரில்தான் பலம் என்பார்கள். முதலையாவது வெளியே வந்து வெயில் காயும், ஓடும், முட்டையிடும். இது அதுவும் இல்லை.

இனப்பெருக்கம் எப்படி?

கூலாசூக்கஸின் முட்டையோ குஞ்சோ கிடைத்ததில்லை. ஆனால் டெம்னோஸ்பாண்டைல்களில் பல இனங்களின் குஞ்சுகள், வெளியே நீட்டிய செவுள்களோடு, மிக நேர்த்தியாகப் படிவமாகியிருக்கின்றன. ஆகவே ஓடில்லாத மெல்லிய முட்டை, தண்ணீருக்குள், பிறகு செவுளோடு நீந்தும் குஞ்சு என்பதுதான் குடும்ப வழக்கம். முதலையைப் பற்றிய அடுத்த கேள்விக்கு இந்த விவரம் தேவைப்படும்.

அந்த ஆறுகளில் முதலைகள் ஏன் இல்லை?

இதுதான் விஷயத்தின் நடுநாடி. கூலாசூக்கஸ் வாழ்ந்த காலத்தில் உலகின் மற்ற இடங்களில் முதலை இனங்கள் கொழித்தன. தெற்கு விக்டோரியாவின் அந்தக் காலத்துப் பாறைகளில் மட்டும் முதலையைக் காணோம். ஆயிரக்கணக்கில் எலும்பும் பல்லும் பொறுக்கிய இடம் அது. முதலைப் பல் விழுந்துகொண்டே இருக்கும், புதிதாக முளைக்கும், எளிதில் அழியாது. இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

காரணம் குளிர் என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். முதலை வெயிலை நம்பிய விலங்கு. இன்றைய முதலை இனங்கள் பரவியிருக்கும் எல்லையைப் பார்த்தால், ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி சுமார் 5 டிகிரிக்குக் கீழே போகும் இடங்களில் அவை நிலைப்பதில்லை. அமெரிக்க அலிகேட்டர் மூக்கை மட்டும் பனிக்கட்டிக்கு மேலே நீட்டிச் சில நாள் சமாளிக்கும். மாதக்கணக்கில் இருட்டும் குளிரும் என்றால் கதை வேறு.

வளர்ந்த முதலையைவிட அதன் முட்டைதான் பலவீனமான கண்ணி என்பது என் கருத்து. கூட்டில் இருக்கும் முதலை முட்டைக்கு இரண்டு மாதத்துக்கும் மேலாக 30 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். துருவக் கோடையில் சூரியன் மறையாமல் சுற்றினாலும் சாய்ந்தே சுற்றும், அந்தச் சூட்டை மண்ணுக்கு ஏற்றாது. இருவாழ்வியின் முட்டைக்கோ குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த தண்ணீர் போதும். ஒருவரை உள்ளே விடாத கதவு இன்னொருவருக்குக் காவலாக நின்றது.

முதலை இல்லாத ஆற்றில் பெரிய வேட்டை விலங்குக்கான இடம் காலியாக இருந்தது. மற்ற கண்டங்களில் அந்த இடத்தை இழந்த டெம்னோஸ்பாண்டைல்கள் இங்கே மட்டும் பிடித்துவைத்துக்கொண்டன.

அப்படியானால் அழிந்தது எப்படி? முதலைகள் துரத்திவிட்டனவா?

காலவரிசை அப்படித்தான் கைகாட்டுகிறது. விக்டோரியாவின் மேற்குக் கரையில் உள்ள டைனோசர் கோவ், கூலாசூக்கஸ் பாறைகளைவிட ஒரு கோடி ஆண்டுக்கும் மேல் இளைய இடம். அங்கே முதலை எச்சங்கள் கிடைக்கின்றன, கூலாசூக்கஸ் இல்லை. இடைப்பட்ட காலத்தில் தட்பவெப்பம் மெல்லச் சூடேறியது.

முதலை வந்து சண்டைபோட்டு வென்றது என்று சொல்ல நான் தயங்குவேன். தண்ணீர் சூடானால் கரையும் ஆக்சிஜன் குறையும். முதலை வராமலே இருந்திருந்தாலும் இந்த இருவாழ்விக்கு அது கெட்ட செய்திதான். ஒரே வெப்பம் ஒருவருக்கு வாசலையும் திறந்தது, மற்றவருக்கு மூச்சையும் நெரித்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1978-ல் சான் ரெமோ ஊருக்கு அருகே, பஞ்ச் பௌல் என்னும் கடற்கரைப் பகுதியில் ஒரு தாடைத் துண்டு கிடைத்தது. பார்த்தவர்களுக்கு டெம்னோஸ்பாண்டைல் தாடை என்று தோன்றியது. தோன்றியதைச் சொல்வதில்தான் சிக்கல். இந்தக் கூட்டம் சுமார் 20 கோடி ஆண்டுக்கு முன், ட்ரயாசிக் முடிவோடு ஒழிந்தது என்பதுதான் பாடப்புத்தக அறிவு. பாறையோ 12 கோடி ஆண்டு வயது. எட்டுக் கோடி ஆண்டு இடைவெளியை ஒரு துண்டு எலும்பை வைத்துத் தாண்டினால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

1983-ல் தொல்லுயிரியலாளர் ஆன் வாரன் சிடெரோப்ஸை விவரித்தபோது, ஜுராசிக் காலத்திலும் இவை இருந்தன என்பது தெளிவாகி இடைவெளி கொஞ்சம் சுருங்கியது. 1989-ல் ரோவெல்ஸ் கடற்கரையில் இன்னும் நல்ல எலும்புகள் வெளிப்பட்டன. 1991-ல் வாரன், லெஸ்லி கூல், மைக் கிளீலாண்ட், டாம் ரிச், பாட்ரிசியா விக்கர்ஸ்-ரிச் ஆகியோர் சேர்ந்து, கிரெட்டேசியஸிலும் இந்தக் கூட்டம் உயிரோடு இருந்தது என்று எழுதினார்கள். 1997-ல் வாரனும் ரிச் தம்பதியரும் பெயர் வைத்தார்கள்.

இதுவரை கையில் இருப்பவை தாடைகள், முதுகெலும்புகள், விலா எலும்புகள், தோள்வளையத் துண்டுகள், ஒரு கீழ்க்கால் எலும்பு போன்றவை. எட்டுக் கோடி ஆண்டை நிரப்பிய சரக்கு இவ்வளவுதான்.

இதே கரையில் ஒரு முன்கதையும் உண்டு. 1903-ல் வில்லியம் ஃபெர்குசன் என்ற நிலவியலாளர் கேப் பேட்டர்சன் அருகே ஒரு டைனோசர் நகத்தை எடுத்தார். ஆஸ்திரேலியாவில் கிடைத்த முதல் டைனோசர் எலும்பு அதுதான். அதன்பின் முக்கால் நூற்றாண்டு அந்தக் கரையை யாரும் அவ்வளவாகத் தேடவில்லை என்பதை நினைத்தால் வயிற்றெரிச்சல்.

இன்றைய தவளைகளின் மூதாதை இதுதானா?

நேர் மூதாதை அல்ல. தவளையும் சாலமாண்டரும் டெம்னோஸ்பாண்டைல்களில் ஒரு சிறிய உடல் கொண்ட கிளையிலிருந்து வந்தவை என்பதே பலரின் முடிவு. அந்தக் கிளை ட்ரயாசிக்குக்கும் முந்தைய பெர்மியன் காலத்திலேயே பிரிந்துவிட்டது. கூலாசூக்கஸ் காலத்தில் தவளைகள் ஏற்கெனவே உலகில் இருந்தன. அது தவளைக்குப் பாட்டன் இல்லை, வெகுதூரத்துப் பெரியப்பா முறை.

இதனால்தான் மேலே ‘பெரிய வேட்டை விலங்குகளில் கடைசி’ என்று எழுதினேன். தவளையைக் கணக்கில் சேர்த்தால் டெம்னோஸ்பாண்டைல் வம்சம் இன்றும் அற்றுப்போகவில்லை.

இந்தக் குடும்பம் வேறெங்கே இருந்தது?

தென்கண்டங்கள் ஒன்றாக இருந்த கோண்டுவானா முழுவதும். அர்ஜென்டினாவில் பெலோரோசெஃபாலஸ். இந்தியாவில், பிராணஹிதா–கோதாவரிப் பள்ளத்தாக்கின் மலேரி படிவுகளில், ட்ரயாசிக் பிற்பகுதியைச் சேர்ந்த காம்ப்சோசெராப்ஸ், குட்டிசெஃபாலஸ் என இரண்டை 1995-ல் விவரித்தார்கள். அதே கொம்பு நீட்டங்கள், அதே அகன்ற தலை. கோதாவரிக் கரையின் அந்த விலங்குகளுக்கும் கூலாசூக்கஸுக்கும் நடுவே பத்துக் கோடி ஆண்டு இருந்தும் முகஜாடை மாறவில்லை.

இதைவிடப் பெரிய இருவாழ்விகள் உண்டா?

உண்டு. ட்ரயாசிக் ஜெர்மனியின் மாஸ்டோடான்சாரஸுக்குத் தலை மட்டுமே ஒரு மீட்டரைத் தாண்டும். பிரேசிலின் பிரியோனோசூக்கஸுக்கு 9 மீட்டர் என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள், அந்த எண்ணைப் பலர் ஏற்பதில்லை.

எலும்புகளை எங்கே பார்க்கலாம்?

மெல்போர்னில், விக்டோரியா மாநில அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. 2022 ஜனவரியில் கூலாசூக்கஸ் விக்டோரியாவின் அதிகாரபூர்வத் தொல்லுயிர்ச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பொதுமக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது. போட்டியில் மற்ற விலங்குகளும் இருக்க, ஒரு தட்டைத்தலை இருவாழ்வி வென்றது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இன்னும் கிடைக்குமா?

வாய்ப்பு இருக்கிறது. இந்த எலும்புகள் அலை அடிக்கும் பாறைத்தளத்தில் இருக்கின்றன. நீர் வற்றும் சில மணி நேரத்தில்தான் தேட முடியும். புயல் ஒன்று மணலை வாரிக்கொண்டு போனால் நேற்றுவரை மூடியிருந்த பாறை தெரியும், அடுத்த புயல் அதையே அரித்துத் தின்னும். இன்வர்லாக் அருகே ஃபிளாட் ராக்ஸில் 1994 முதல் பல ஆண்டுகள் தன்னார்வலர்கள் கோடைதோறும் கூடிப் பாறை உடைத்தார்கள், லெஸ்லி கூல் அந்த வேலையின் நடுவில் இருந்தவர். ஒவ்வொரு கல்லையும் சிறு துண்டாக உடைத்து, ஒவ்வொரு உடைப்பிலும் பழுப்பு நிறத்தில் ஏதாவது மின்னுகிறதா என்று கண்ணுக்கருகே பிடித்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் கரித்துண்டாக இருக்கும்.